சுமக்கத்தக்க வீடு



லண்டன் நகரில் தையல் தொழில் புரிந்த தாமஸ் ஹிராம் ஹோல்டிங் என்பார், 1853-ஆம் ஆண்டில் ஒன்பது வயதுச் சிறுவராய் அமெரிக்கப் புல்வெளிகளை வண்டித் தொடருடன் கடந்தவர். பிற்காலத்தில் சிறு படகிலும் மிதிவண்டியிலும் கூடாரம் ஏற்றிச் சென்று ஆற்றங்கரைகளிலும் வயலோரங்களிலும் தங்கிப் பழகினார். மிதிவண்டியில் சென்று முகாமிடுவோருக்கென 1901-இல் ஒரு சங்கமும் கண்டார். துணியின் எடையே பயணத்தின் இன்பத்தை நிர்ணயிக்கிறது என்பதை அத்தையற்காரர் நன்குணர்ந்திருந்தார்.

அவர் தமக்காகச் சுமந்தார். நாமோ குழந்தைகளுக்காகவும் சுமக்க வேண்டியவர்கள். எனவே கடையில் கூடாரம் தேர்கையில் சிலவற்றைக் கருத்திற் கொள்வது நலம்.

முதலாவது, இடம். "நால்வருக்கு" என்று எழுதியிருப்பின், நான்கு படுக்கைகள் நெருக்கமாய் அடங்கும் என்பதே பொருள். மூட்டைகளுக்கு அங்கே இடமில்லை. ஆளொன்றுக்கு 60 சென்டிமீட்டர் அகலமேனும் உண்டா என அளந்து பாருங்கள். ஈரக் காலணிகளையும் பைகளையும் வைக்க முன்புறத்தில் ஒரு தாழ்வாரமும் இருத்தல் வேண்டும்.

இரண்டாவது, எடை. நால்வருக்கான இலேசான கூடாரம் ஏறத்தாழ 3 முதல் 4 கிலோ இருக்கும். மிதிவண்டியில் செல்வோர் உட்கூடாரத்தை ஒருவரும், மேல்விரிப்பையும் கம்பிகளையும் மற்றவரும் பகிர்ந்து கொள்ளலாம். மடித்த கம்பிகள் பக்கப் பையினுள் அடங்குமா என்பதையும் பார்த்துவிட வேண்டும். படகிலே எடை அவ்வளவாகத் தெரியாது என்பர் சிலர். ஆயின் கனடாவின் அல்கோன்குவின் பூங்கா போன்ற இடங்களில், ஓர் ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்குப் படகையும் மூட்டைகளையும் காட்டுப் பாதையில் சுமந்தே செல்ல வேண்டும். அப்போது ஒவ்வொரு கிலோவும் தந்தையின் தோளில் தெரியும்.

மூன்றாவது, மழை. துணி எத்தனை மில்லிமீட்டர் உயர நீரின் அழுத்தத்தைத் தாங்கும் எனக் குறித்திருப்பார்கள். மேல்விரிப்புக்கு 1500-க்குக் குறையாமலும், தரைவிரிப்புக்கு அதனினும் மிகுதியாகவும் இருப்பது நன்று. உள்ளே படியும் ஈரமெல்லாம் ஒழுகல் அன்று. உறங்குவோரின் மூச்சே குளிர்ந்த துணியில் துளியாகிறது. ஆதலால் காற்றோட்டத் துவாரங்கள் இன்றியமையாதவை.

முளைகளை நம்பியே நிற்கும் நீள்வடிவக் கூடாரம், பாறைக் கரையில் தொல்லை தரும். தானே நிற்கும் குவிமாடக் கூடாரம் அங்கே எளிது. எனினும் காற்றுக்கு அதனையும் இழுத்துக் கட்டியே ஆகவேண்டும்.

இவை யாவும் வசதி பற்றியவை. இனிச் சொல்வது உயிர் பற்றியது. மழை எவ்வளவு பெய்தாலும், குழந்தை பசியால் எவ்வளவு அழுதாலும், கூடாரத்தினுள் அடுப்பேற்றாதீர்கள். அணையும் கரியையும் உள்ளே கொண்டுவராதீர்கள். நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு உறங்குவோரை எழுப்பாமலே கொன்றுவிடும். சமைக்காமல் உண்ணத்தக்க ஒருவேளை உணவு பையில் எப்போதும் இருக்கட்டும். ஆறு இரவில் பெருகலாம். எனவே நீர்விளிம்பை விட்டு உயர்ந்த இடத்திலேயே தங்குங்கள்.

புறப்படும் முன் ஒரு மாலை, வீட்டு முற்றத்தில் கூடாரத்தை அடித்து நீர் ஊற்றிப் பாருங்கள். பிள்ளைகளும் முளை அடிக்கட்டும், கயிறு கட்டட்டும். ஒழுகும் தையலைப் பகலில், வீட்டருகே கண்டுபிடிப்பது எளிது. பின் நன்றாய் உலர்த்தி மடியுங்கள். ஈரத்தோடு சுருட்டிய துணி பூஞ்சை பிடித்துக் கெடும். தம் கையால் கட்டிய வீட்டில் பிள்ளைகள் அச்சமின்றி உறங்குவார்கள்.