வெள்ளை அங்கிக்குள்ளும் ஏணியா?

"பெண்ணுக்குப் பெண்ணே பகை" என்றொரு பேச்சு நாட்டில் நெடுநாளாக உலவுகிறது. மாமியார் மருமகள் சச்சரவிலே பிறந்தது. பட்டிமன்ற மேடைகளிலே பருத்தது. இன்று மருத்துவமனை வாயிலில் வந்து நிற்கிறது. மூத்த பெண் மருத்துவர் இளைய பெண் மருத்துவரை நோயாளிகள் முன்னிலையில் ஏசுகிறார். செவிலியர் கண்காணிப்பாளர், நேற்றுப் பணியேற்ற செவிலியரை அழவைத்து அனுப்புகிறார். கண்டு நிற்கும் ஆடவர் புன்னகைக்கிறார்: "பார்த்தீரா, பெண் குணத்தை!" அந்தப் புன்னகை பொய்யானது. ஆனால் அந்த ஏச்சு மெய்யானது. பொய்யை மறுக்கப் போய் மெய்யை மூடி மறைப்பது பகுத்தறிவாளர் செய்கையாகாது.

சிட்லபாக்கத்துத் தெருவொன்றில் விடியற்காலையில் நின்று பாருங்கள். ஒருபுறம் குரோம்பேட்டை, மறுபுறம் தாம்பரம் சானடோரியம். காசநோயாளருக்காக 1928-இல் எழுந்த மருத்துவமனை அந்தப் பகுதிக்கே பெயரானது. சுற்றிலும் அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவக் கல்லூரி, சித்த மருத்துவ நிறுவனம், எண்ணிலடங்காத மகப்பேறு மனைகள். மடித்த வெள்ளை அங்கியைக் கையில் ஏந்திப் பெண்கள் விரைகிறார்கள். இரவுப் பணி முடித்தவர்கள் கண் சிவக்கத் திரும்புகிறார்கள். இந்த இரயில் பாதையிலேயே தெற்கே சென்றால் செங்கற்பட்டு. அங்கேதான் 1929 பிப்ரவரியில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்குச் சொத்திலே சம உரிமை வேண்டும், தொழிலிலே சம உரிமை வேண்டும் என்று தீர்மானித்தது. அன்று நகைத்தோர் பலர். அதற்கும் முன்பே, தேவதாசி மரபிலே பிறந்த தாயின் மகள் முத்துலட்சுமி, 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுழைந்து 1912-இல் பட்டம் பெற்று வெளியே வந்தார். கதவு திறந்தது, உண்மை. உள்ளே கிடந்த ஏணியை யார் அகற்றினார்கள்?

பேராசிரியர், உதவிப் பேராசிரியர், மூன்றாமாண்டு முதுநிலை மாணவி, இரண்டாமாண்டு, முதலாண்டு, பயிற்சி மருத்துவர், செவிலியர், ஆயா, ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். எத்தனை படிகள்! மேற்படியிலிருந்து விழும் சொல் ஒவ்வொரு படியிலும் கனம் கூடிக் கீழே இறங்குகிறது. சாதி அமைப்பைப் படிநிலைச் சமத்துவமின்மை என்றார் அண்ணல் அம்பேத்கர். மேலே ஒருவனுக்கு அஞ்சுகிறவன், கீழே ஒருவனை மிதிக்கும் இன்பத்தால் தன் அடிமைத்தனத்தை மறக்கிறான். மருத்துவமனைக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் உண்டோ? அமெரிக்கச் செவிலியர் உலகிலும் 1980-களில் இதே கேள்வி எழுந்தது. நம் இனத்தின் குஞ்சுகளை நாமே தின்கிறோமா என்று ஜூடித் மீஸ்னர் 1986-இல் எழுதினார். சாதியற்ற நாட்டிலே அந்தக் கதி! சாதியும் சேர்ந்த நாட்டிலே?

பம்பாயைப் பாருங்கள். பாயல் தாட்வி, வயது 26. ஜல்காவ்ன் மாவட்டத்துப் பழங்குடிக் குடும்பத்துப் பெண். நாயர் மருத்துவமனையோடு இணைந்த டோபிவாலா கல்லூரியில் மகப்பேறு மருத்துவம் பயின்ற முதுநிலை மாணவி. 2019 மே 22-ஆம் நாள் விடுதி அறையிலே உயிர் நீத்தார். மூத்த மாணவியர் மூவர் சாதியைச் சுட்டி இழிவுபடுத்தினர், நோயாளிகள் முன் அவமதித்தனர், பிரசவ அறையில் தொழில் பழக விடாமல் தடுத்தனர் என்பது குற்றச்சாட்டு. மூவரும் மறுத்தனர். விசாரணையில் இருப்பவரைக் குற்றவாளியெனத் தள்ளிவிடலாகாது என்பதால், அவர்கள் படிப்பைத் தொடர 2020-இல் உச்ச நீதிமன்றம் இசைந்தது. தீர்ப்பெழுதும் வேலை நமக்கில்லை. நாம் கேட்பது வேறு. மகள் படும் பாட்டை முன்னரே எடுத்துரைத்தோம் என்று தாய் ஆபேதா கூறினாரே, அந்தக் குரல் எந்த மேசையில், எந்தக் கோப்புக்கடியில் உறங்கியது?

"இட ஒதுக்கீட்டில் வந்தவள்" என்னும் சொல் இருக்கிறதே, அதை ஒரு பெண் சொல்லும்போது எனக்கு வியப்பு மிகுகிறது. "பெண்ணுக்கு மருத்துவம் எதற்கு?" என்று அவர் பாட்டியைக் கேட்டதும் இதே நாக்குத்தானே! அன்று பெண்ணுக்குத் தகுதி இல்லை என்றார்கள். இன்று அவர் வேறொரு பெண்ணுக்குத் தகுதி இல்லை என்கிறார். மனு தன் வேலையைச் செய்ய ஆண் குரலைத்தான் நாடுவான் என்று யார் சொன்னது?

"வேலைப் பளு, கோபம் வருகிறது" என்பார்கள். பளு பொய்யன்று. உறைவிட மருத்துவருக்கு நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி, வாரத்துக்கு 48 மணி என்று நடுவண் அரசு 1992-இலேயே வரையறுத்தது. ஏட்டில் இருக்கிறது அந்த வரையறை. பணிப் பட்டியலில் காணோம். ஆனால் ஐயம் ஒன்று: அந்தக் கோபம் ஏன் பேராசிரியர் மீது பாய்வதில்லை? ஆணை வெளியிட்டும் ஆள் போடாத அரசின் மீது ஏன் பாய்வதில்லை? கீழே மட்டும் பாயத் தெரிந்த கோபம் களைப்பினால் வந்ததன்று, கணக்கிட்டு வந்தது. "நாங்களும் இப்படித்தான் பட்டோம்" என்னும் மற்றொரு வாதத்தை மாமியார்கள் முன்பே சொல்லிவிட்டார்கள். விடை கூறி ஏட்டை வீணாக்க வேண்டாம்.

இங்கே ஒரு சொல். செவிலியரை "சிஸ்டர்" என்கிறோம். உடன்பிறந்தாள் என்று பொருள். உடன்பிறந்தாளின் முகத்தில் நோயாளிக் குறிப்பேட்டை விட்டெறியும் குடும்பம் எது?

சட்டம் இல்லையா? உண்டு. நாவரசு கொலையுண்ட 1996-க்குப் பின் தமிழகம் 1997-இல் ராகிங் தடைச் சட்டம் கண்டது, அது மாணவருக்கு. 2008-இல் மருத்துவப் பணியாளர் மீது நடக்கும் வன்முறையைத் தண்டிக்கச் சட்டம் வந்தது. ஓங்கிய கைக்கு அது விலங்கு. 2013-இன் சட்டம் பாலியல் துன்புறுத்தலுக்கு. ஓங்காத கையோடு, நாவினால் நாள்தோறும் சுடுவதற்கு? தொடர்ந்து இரவுப் பணியே போட்டு ஒடுக்குவதற்கு? ஆய்வேட்டில் கையொப்பமிடாமல் ஆறு திங்கள் அலைக்கழிப்பதற்கு? இவற்றுக்கு மருத்துவமனை "ஒழுங்கு" என்று பெயர் சூட்டியிருக்கிறது.

ஒருவர் பேனாவிலே மற்றொருவரின் எதிர்காலம் அடைபட்டுக் கிடக்கும்வரை "அன்பாயிருங்கள் அம்மையீர்" என்று உபதேசிப்பது வீண். அந்தப் பேனாவைப் பகிர்ந்து கொடுங்கள். ஆய்வேட்டுக்கும் அறுவைப் பயிற்சிக் குறிப்பேட்டுக்கும் இருவர் கையொப்பம் போதும் என்றும், அவருள் ஒருவர் வேறு பிரிவினர் என்றும் விதி செய்யுங்கள். பணிப் பட்டியலைச் சுவரில் ஒட்டுங்கள். யாருக்கு எத்தனை இரவு என்பதை எல்லோரும் எண்ணட்டும். புகார், எவர்மீது புகாரோ அவருடைய தலைவரிடமே போய்ச் சேரும் வழக்கத்தை ஒழியுங்கள். வெளியாரைக் கொண்ட குழு அமையுங்கள். அதில் மருத்துவர் மட்டும் அமர்ந்தால் ஏணியின் மேற்படி கீழ்ப்படிக்கு நீதி சொன்ன கதையாகும். செவிலியர் அமரட்டும். ஒப்பந்தத் தூய்மைப் பணியாளருக்கும் ஒரு நாற்காலி போடுங்கள். அவர் நின்றுகொண்டே பேசினால், உட்காரச் சொல்லுங்கள்.