முள்ளோடு தின்னுங்கள்

கேத்திலின் அடியில் வெள்ளைப் படை கட்டினால் எங்கள் மண்டைதீவில் பயம் பிடித்துவிடும்: சுண்ணாம்புத் தண்ணீர், சிறுநீரகத்தில் கல் வரும் என்று. உடனே கல்சியம் உள்ள பாலையும் நெத்தலியையும் விலக்குவார்கள். "கல்லுக்காரிக்கு முள்ளு மீன் ஆகாது பிள்ளை" என்று என் பெரியம்மாவும் சொல்லுவா.

இந்தப் பயம் தலைகீழானது. 45,000க்கும் மேற்பட்ட அமெரிக்க ஆண்களைத் தொடர்ந்து கவனித்து 1993இல் வெளியான ஆய்வில், உணவில் கல்சியம் அதிகம் சேர்த்தவர்களுக்கே கல் குறைவாக வந்தது. கல்லை உண்டாக்கும் ஒட்சலேற்றை உணவுக் கல்சியம் குடலிலேயே பிடித்து வெளியேற்றிவிடும். மாத்திரை வேறு கதை. அதை வைத்தியரைக் கேட்டே எடுக்க வேண்டும்.

உடலின் கல்சியத்தில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. மிச்சத்தில்தான் இதயமும் நரம்பும் தசையும் ஓடுகின்றன. இரத்தத்தில் அது குறைந்தால் உடல் எலும்பைக் கரைத்து எடுக்கும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு இன்னும் வேகமாகத் தேயும். வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,000 மில்லிகிராம் தேவை. ஐம்பது தாண்டிய பெண்களுக்கு 1,200.

இதற்கு விலை கூடிய பால்மாதான் வேண்டும் என்றில்லை. மீனின் கல்சியம் சதையில் அல்ல, முள்ளில் இருக்கிறது. சூடையைப் பழப்புளி விட்டு மண்சட்டியில் சிறு தீயில் வற்றவிட்டால் முள் மெதுமெதுவென்றாகும். நூறு கிராம் குரக்கன் மாவில் 300 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. முருங்கையிலை வேலியிலேயே நிற்கிறது.

ஏற்கெனவே கல் உள்ளவர்கள் தண்ணீரை நன்றாகக் குடியுங்கள், உப்பைக் குறையுங்கள், வைத்தியர் சொல்லாமல் கல்சிய உணவை நிறுத்தாதீர்கள்.