பிள்ளைகளின் விளையாட்டும் எட்டு மணி நேர வேலையும்

"படிக்கிற வயதில் விளையாட்டு என்ன வேண்டிக் கிடக்கிறது?" ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் இந்தப் பேச்சு எழாத வீடு குறைவு. கவலை நியாயமானதே. கூலி வேலையில் முதுகொடிந்தவர்கள் தங்கள் பிள்ளையாவது தலையெடுக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். அதனால்தான் மூன்று வயதுக் குழந்தையின் கையில் சிலேட்டைக் கொடுத்து அதட்டுகிறார்கள். கடன் வாங்கி எல்.கே.ஜி.யில் சேர்க்கிறார்கள்.

ஆனால் விளையாட்டு படிப்புக்குப் பகையா? இல்லை. சின்னஞ்சிறு குழந்தைக்கு விளையாட்டே படிப்பு என்கிறோம் நாம்.

சந்தில் நாலு சிறுமிகள் பாண்டி ஆடுவதைப் பாருங்கள். கட்டம் போடுகிறார்கள், எண்ணுகிறார்கள், ஒற்றைக் காலில் உடலை நிறுத்தப் பழகுகிறார்கள். கோட்டை மிதித்தவள் தோல்வியை ஒப்புக்கொள்கிறாள். அங்கே மேஸ்திரி இல்லை. சட்டம் போடுவதும் அவர்களே, சண்டை தீர்ப்பதும் அவர்களே. ஓட்டாஞ்சில்லை வஞ்சிர மீனாக்கி விலை பேசும் காசிமேட்டுக் குழந்தை, கணக்கையும் பேச்சையும் ஒருங்கே கற்கிறது.

சோவியத் உளவியல் அறிஞர் வைகோட்ஸ்கி (1896-1934) இதை ஆராய்ந்து விளக்கினார். குச்சியைக் குதிரையாக்கி ஓட்டும் குழந்தை, ஒன்றுக்குப் பதில் வேறொன்றை மனத்தில் வைக்கப் பழகுகிறது. எழுத்தும் எண்ணும் வேறென்ன? வாயால் சொல்லும் ஒலிக்குப் பதிலாகத்தானே எழுத்து நிற்கிறது! ஒரு நிமிஷம் சும்மா இராத பையன், காவல்காரன் வேஷம் போட்டால் அசையாமல் நிற்கிறான். இன்று பெரியவர் துணையோடு செய்வதை, நாளை குழந்தை தனியாகவே செய்யும் என்றும் அவர் கூறினார்.

ஆகவே பெரியவர்களுக்கும் வேலை உண்டு. பிள்ளையோடு பல்லாங்குழி ஆட உட்காருங்கள். "எந்தக் குழியில் அதிகம்? இங்கிருந்து எடுத்தால் எங்கே போய் முடியும்?" என்று கேளுங்கள், பிறகு பொறுத்திருங்கள். பதிலை நாமே சொன்னால் ஆட்டத்தின் பயன் போயிற்று. அதட்டினால் அது விளையாட்டல்ல, வேலை. ஆட்டம் பிள்ளையுடையது, பெரியவர் துணை மட்டுமே. தானாக ஆடும் ஆட்டம், துணையோடு ஆடும் ஆட்டம் இரண்டும் வேண்டும். மூத்தவர் சொல்லித்தர இளையவர் கேரம் பழகும் வடசென்னையிலிருந்துதான், ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா 2024இல் அமெரிக்கா சென்று உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றார்.

இது பணக்காரப் பிள்ளைகளுக்கான ஆடம்பரம் என்று எண்ண வேண்டாம். 1816இல் ஸ்காட்லாந்தில், நியூ லானார்க் என்ற பஞ்சாலை ஊரில், ராபர்ட் ஓவன் தொழிலாளரின் சிறு குழந்தைகளுக்குப் பள்ளி திறந்தார். புத்தகத்தைக் காட்டித் தொல்லை செய்யக்கூடாது. ஆட்டமும் பாட்டும், சுற்றியுள்ள பொருள்களுமே பாடம் என்றார். அங்கே குழந்தைகளுக்கு ஆசானாக இருந்தவர் ஜேம்ஸ் புக்கானன் என்ற நெசவாளி! அதே ஓவன்தான் 1817இல் எட்டு மணி நேர வேலை என்ற கோரிக்கையையும் எழுப்பினார். பன்னிரண்டு மணி நேரம் உழைத்து, இரவில் வந்து விழும் தாய் தந்தையர் பிள்ளையோடு எப்போது விளையாடுவது? 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி திறக்கும் மசோதா தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, மே தினத்தன்று அது வாபஸ் என்று முதல்வர் அறிவித்தார். அந்த வெற்றி நம் குழந்தைகளின் வெற்றியுமாகும்.

சட்டம் என்ன சொல்கிறது? 1950இல் வந்த அரசியல் சாசனம், பதினான்கு வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கல்வி தர முயல்வதாகச் சொன்னது. 2002இல் திருத்தினார்கள். ஆறு முதல் பதினான்கு வயதுக்குக் கல்வி அடிப்படை உரிமையாயிற்று. ஆறுக்குக் கீழே வெறும் 'முயற்சி'யே மிஞ்சியது. மூளை வேகமாக வளரும் வயதுக்கு உரிமை இல்லை!

நம் பிள்ளைகளுக்கு மிஞ்சியது 1975இல் தொடங்கிய திட்டத்தின் அங்கன்வாடிதான். அங்கே ஆசிரியை, சமையல் மேற்பார்வை, எடை பார்த்தல், பதிவேடு, கணக்கெடுப்பு எல்லாம் ஒருவர் தலையில். அவருக்குக் கிடைப்பதோ முழு அரசு ஊழியருக்குரிய ஊதியமல்ல. வெளியே வந்தால் கன்டெய்னர் லாரி. பிள்ளை எங்கே ஓடும்?

எனவே கோருவோம்: ஒவ்வொரு குப்பத்துக்கும் லாரி நுழையாத ஒரு விளையாட்டிடம், வேலைத்தலத்தில் பெயரளவில் அல்லாத குழந்தைக் காப்பகம், நாற்று நடும் பெண்களின் பிள்ளைகளுக்கு வரப்போரத்துக்குப் பதில் பாதுகாப்பான இடம், அங்கன்வாடி ஊழியருக்கு அரசு ஊழியர் தகுதி.

கோரிக்கை நிறைவேறும் வரை கைகட்டி இருக்க வேண்டாம். தெருக்கூட்டம் போடும் நாம், வாரம் ஒரு மாலை தெருப் பிள்ளைகளுக்கு ஒதுக்கலாம். புளியங்கொட்டைக்கும் ஓட்டாஞ்சில்லுக்கும் காசு வேண்டாம், நேரம்தான் வேண்டும். அந்த நேரத்தை நம்மிடமிருந்து பறிப்பவர்கள் யார் என்று பிள்ளைகளின் பெற்றோருக்குச் சொல்வதும் நம் வேலையே.