பாட்டு எங்களது, அட்டைப்படம் யாருது?

'எஞ்சாயி எஞ்சாமி' 2021 மார்ச்சில் வந்தது. அறிவு எழுதி, தீயோடு சேர்ந்து பாடினார். சந்தோஷ் நாராயணன் இசையமைப்பு, 'மாஜா' நிறுவனம் வெளியீடு. சினிமாவில் வராத ஒரு தனிப்பாட்டு யூடியூப்பில் 40 கோடித் தடவைக்கு மேல் ஓடியது. திண்டுக்கல் டீக்கடையிலும் அதுதான், கல்யாண மண்டபத்திலும் அதுதான். சேரிக்குள்ள கால் வைக்காதவனும் ஆடுனான்.

அது யார் கதை? இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் கதை. 1964இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மலையகச் சனங்களை ஆடுமாடு மாதிரி பங்கு போட்டது. அப்படி விரட்டப்பட்டு வந்தவர்களில் கொஞ்சப் பேர் நம்ம கொடைக்கானல் மலையில் வந்து ஒதுங்கினார்கள். பண்ணையாரைப் பார்த்துக் குனிந்து சொல்லவைத்த 'சாமி'யை, பேரனைக் கொஞ்சும் சொல்லாக நிமிர்த்திய பாட்டு இது.

2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில் தீ இருந்தார், அறிவு இல்லை. பா. ரஞ்சித் கேள்வி கேட்டார், சத்தம் கிளம்பியது, அதுக்கப்புறம்தான் அறிவுக்குத் தனி அட்டை வந்தது. 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க மேடையில் பாட்டு இருந்தது, அறிவு இல்லை. வெளிநாட்டில் இருந்தார் என்றார்கள். 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணனே சொன்னார்: இந்தப் பாட்டால் எங்கள் யாருக்கும் ஒரு பைசா வரவில்லை.

"கூட்டு உழைப்புதானே, இதுல எதுக்குச் சாதி?"ங்கிறாய்ங்க. கூட்டு உழைப்பை யார் மறுத்தது? தீயின் குரலும் சந்தோஷின் இசையும் சேர்ந்ததுதான் அந்தப் பாட்டு. ஆனா கூட்டுல ஒரு பேரு விடுபட்டா, அது ஏன் சேரிக்காரன் பேராவே இருக்கு?

பாட்டு எழுதியவருக்கு ராயல்டியில் பங்கு உண்டு என்கிறது 2012இல் திருத்திய பதிப்புரிமைச் சட்டம். சரி, எழவு வீட்டில் மாரடிச்சு ஒப்பாரி சொல்ற கிழவிக்கு எந்தச் சட்டம்? டேப் ரிக்கார்டரைத் தூக்கிட்டு வந்த தமிழ் வாத்தியாருங்க எத்தனை தொகுப்பு போட்டாய்ங்க! அட்டையில் தொகுத்தவர் பேரு. பாடினவ உள்ளே 'ஒரு மூதாட்டி'. அந்தத் தொகுப்புகளைப் படித்துத்தான் நானும் எம்.ஏ. வாங்கினேன்.

கம்பெனிக்காரனிடம் கேட்கும் கணக்கை நம்ம ஆய்வேடுகளிடமும் கேட்போம். பாடினவ பேரு முதல்ல வரட்டும். கூலி அவ கைக்குப் போகட்டும். அதுக்கப்புறம் ரிக்கார்டரை அமுக்கு.