வண்டி நம்மது, அலாரம் யாருது?

மூணு வாரம் எங்க தெருவுல யாரும் என்னைப் பார்த்து சிரிக்கல. தை மாசம், சம்பா அறுவடை நேரம். பகல் பூரா வயல்லயும் கொள்முதல் நிலைய வாசல்லயும் காஞ்சுட்டு வந்து மனுஷன் கண்ணசருற நேரத்துல, எங்க வீட்டு வாசல்ல நிக்கிற கார் திடீர்னு அலற ஆரம்பிக்கும். நெல் ஏத்தின டிராக்டர் போனா அலறும். அறுவடை மெஷின் திரும்பினா அலறும். விடியக்காலைப் பனியில யாருமே பக்கத்துல போகாம, தானாவும் அலறும். எதிர்வீட்டு மாமா ஒரு நாள் அப்பாவை நிறுத்தி, "ஏன் மாப்ள, அதுக்கு என்னதான் வேணுமாம்?"னு கேட்டார். அப்பாகிட்ட பதில் இல்லை. என்கிட்டயும் இல்லை.

அப்பா அந்த வண்டியை வாங்கினது மார்கழியில. 2011 மாடல், சின்ன கார். கம்பெனி பேரு வேண்டாம், வண்டி மேல ஒரு குறையும் கிடையாது. தஞ்சாவூர்ல ஒரு புரோக்கர் மூலமா முடிஞ்சது. அவர் பேரும் வேண்டாம், அவர் மாதிரி ஆட்கள் எல்லா ஊர்லயும் இருக்காங்க. ஆர்.சி. புக், இன்சூரன்ஸ், புகை சர்டிபிகேட், ஃபாரம் 29, ஃபாரம் 30 எல்லாம் வரிசையா எடுத்து வச்சார். பானட்டைத் திறந்து சேஸிஸ் நம்பரைத் தேய்ச்சுக் காட்டினார். டயர் பட்டன்ல ஒரு ரூபா காசை விட்டு ஆழம் காட்டினார். கடைசியா ஒரு சாவி, அதுல தொங்குற கறுப்பு ரிமோட் ஒண்ணு. "சென்ட்ரல் லாக், அலாரம் எல்லாம் இருக்கு சார், எக்ஸ்ட்ரா ஃபிட்டிங்." அவ்வளவுதான் அலாரத்தைப் பத்தி எங்களுக்குக் கிடைச்ச மொத்த பாடம்.

இதுவரைக்கும் சிரிப்பு. இனிமே இல்லை.

தை மாசக் கடைசியில ஒரு ராத்திரி ஒண்ணரை மணிக்கு அப்பாயிக்கு மூச்சுத் திணறல். எங்க ஊர் திருவையாறு தாண்டி உள்ள. தஞ்சாவூர் போகணும்னா காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறுன்னு அஞ்சு பாலம் ஏறி இறங்கணும். அப்பா ஓடிப்போய் ரிமோட்டை அமுக்கினார். ஒண்ணும் நடக்கல. சாவி போட்டுக் கதவைத் திறந்தார், சைரன் பிடிச்சுக்கிச்சு. சாவியைத் திருகினார், செல்ஃப் எடுக்கவே இல்லை. ஒரு "டக்" சத்தம்கூட இல்லை. பேட்டரியைக் கழட்டினா அடங்கிடும்னு ஸ்பேனரை எடுத்து டெர்மினலைக் கழட்டினார். அப்பதான் அது முன்னைவிட அதிகமா அலறுச்சு! அந்த சைரனுக்குள்ளயே தனியா ஒரு குட்டி பேட்டரி இருக்குங்கறது எங்களுக்கு எப்படித் தெரியும்? பேட்டரியைக் கழட்டுறவன் திருடன்னு நினைச்சுக் கத்துறதுக்காகவே அதைச் செஞ்சிருக்காங்க.

இதுல எனக்கு மறக்க முடியாதது என்னன்னா, அந்தக் கத்தல்ல தெருவுல ஒரு லைட் எரியல. ஒரு கதவு திறக்கல. மூணு வாரமா புலி வருது, புலி வருதுன்னு அந்த வண்டி கத்திக் கத்தி, தெருவையே திரும்பிப் படுக்கப் பழக்கியிருந்துச்சு. 108-க்கு போன் பண்ணிட்டு, நான் எதிர்வீட்டுக் கதவைப் போய்த் தட்டினப்பதான் மாமா எழுந்து வந்தார். "உங்க வண்டி சத்தம்தானேன்னு படுத்துட்டேம்ப்பா"ன்னு அவர் சொன்னப்ப அவர் குரல் உடைஞ்சிருந்தது. ஆம்புலன்ஸ் வந்துச்சு. அப்பாயி பிழைச்சாங்க, இப்ப திண்ணையில உக்காந்து என்னைத் திட்டுற அளவுக்கு நல்லா இருக்காங்க.

மறுநாள் உள்ளூர் மெக்கானிக் ஒருத்தர் வந்து பார்த்தார். "எல்லாத்தையும் வெட்டி விட்ருவோம் தம்பி." சைரன் வயரை வெட்டினார். சத்தம் நின்னுச்சு. வண்டி? அதே இடத்துல அசையாம. ஏன்னா சைரன் வேற, வண்டியை நிறுத்துறது வேற. கடையில போடுற இந்த மாதிரி அலாரம் கிட்டுல பெரும்பாலும் ஒரு ரிலே இருக்கும். செல்ஃப் மோட்டாருக்குப் போற வயரை, இல்லைன்னா இக்னிஷனையோ பெட்ரோல் பம்ப்பையோ நடுவுல வெட்டி அந்த ரிலே வழியா விட்டிருப்பாங்க. அலாரம் விட்டாதான் கரண்ட் போகும். வாயைக் கட்டிட்டோம், கையை அது எடுக்கல.

அப்புறம்தான் தஞ்சாவூர்லேர்ந்து ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூட்டிட்டு வந்தோம். வந்ததும் வண்டியைத் தொடல. என்கிட்ட ரெண்டு கேள்வி கேட்டார். முதல் கேள்வி: "ரிமோட்டை அமுக்கி ஆஃப் பண்றப்ப எத்தனை தடவை கீச்சுங்கும்?"

யோசிச்சேன். வாங்கின புதுசுல ரெண்டு தடவை. அப்புறம் நாலு. நாங்க அதைப் பெருசா எடுத்துக்கல, மூடு மாறுது போலன்னு நினைச்சுக்கிட்டோம் :-)

"அதான் தம்பி. ரெண்டுன்னா ஒண்ணும் நடக்கலைன்னு அர்த்தம். நாலுன்னா, நீங்க இல்லாதப்ப ஏதோ ஒண்ணு என்னைத் தொட்டுச்சுன்னு இந்தக் கிட்டு சொல்லுது. கிட்டுக்குக் கிட்டு கணக்கு மாறும். இதுக்கு ஒரு பேப்பர் கொடுத்திருப்பாங்களே?"

அந்தப் பேப்பரை நாங்க கண்ணாலகூடப் பார்த்ததில்லை. மூணு வாரமா அந்த வண்டி தினமும் காலையில எனக்கு என்ன நோவுன்னு நாலு தடவை சொல்லிக்கிட்டே இருந்திருக்கு. அந்த பாஷையைத்தான் எங்களுக்கு யாரும் கத்துக் கொடுக்கல.

நோவு என்னன்னு கண்டுபிடிக்க அவருக்கு அரைமணி நேரம்கூட ஆகல. பானட் ஓரத்துல விரல் நுனி அளவு ஒரு பின் சுவிட்ச் இருக்கு. பானட் மூடியிருந்தா அமுங்கியிருக்கும், திறந்தா எழும்பி அலாரத்துக்குச் சேதி சொல்லும். அது துருப்பிடிச்சு, பாதி அமுங்கின நிலையில நின்னுக்கிட்டிருந்தது. விடிகாலைப் பனி இறங்கினா அதுக்குப் பானட் திறந்த மாதிரி. நம்ம டெல்டாப் பனிக்கும் ஈரத்துக்கும் இது புதுசே இல்லையாம். வயல் எலிங்க உள்ள போய் வயரைக் கொறிச்சு இதே கதை ஆன வண்டிகளும் நிறைய பார்த்திருக்காராம். டேஷ்போர்டுக்கு அடியில ஒரு சின்னப் பெட்டி, அதிர்வு சென்சார். அதுல ஒரு திருகு. யாரோ கடைசி வரைக்கும் திருகி வச்சிருந்தாங்க, அதான் டிராக்டர் போனாலே அலறுச்சு. ரிமோட்டுல இருந்த குட்டி 12 வோல்ட் பேட்டரி செத்துப் போச்சு. வண்டி பேட்டரியும் சோர்ந்து கெடந்தது. சும்மா நிக்கிறப்ப ஒரு அலாரம் 30 மில்லி ஆம்பியர் குடிக்குதுன்னு வச்சுக்கங்க, மூணு வாரத்துல அது 15 ஆம்பியர்-ஹவர். எங்க பேட்டரியே 35 தான். ஞாயித்துக்கிழமை மட்டும் எடுக்கிற வண்டிக்கு இது கணிசமான சாப்பாடு.

கடைசியா அவர் ஸ்டியரிங்குக்கு அடியில கையை விட்டுத் துழாவி ஒரு குட்டி பட்டனைக் காட்டினார். சாவியை ஆன் பண்ணிட்டு, சில விநாடிக்குள்ள அந்தப் பட்டனை அமுக்கணும். அமுக்கினேன். வண்டி ஸ்டார்ட் ஆச்சு. ரிமோட் செத்தா, தொலைஞ்சா உபயோகிக்கிறதுக்குன்னே வச்ச பட்டன். அன்னைக்கு ராத்திரி எங்க அப்பா முழங்காலுக்கு ஒரு சாண் மேல இருந்திருக்கு அது.

ரெண்டாவது கேள்வி: "கிட்டோட எப்பவும் ரெண்டு ரிமோட் வருமே. இன்னொண்ணு எங்க?"

வயித்தைப் பிசைஞ்சது. அதாவது, யாரோ ஒருத்தர் வீட்டு மேஜை டிராயர்ல எங்க காரோட கதவைத் திறக்கிற ரிமோட் ஒண்ணு கெடக்குது. திருடன்கிட்டேர்ந்து காப்பாத்தத்தான் அலாரமாம்!

புரோக்கருக்குப் போன் போட்டேன். "பழைய வண்டின்னா அப்படி இப்படித்தான் இருக்கும் தம்பி. வாங்கும்போதே நீங்க கேட்டிருக்கணும்." இந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் நான் இவ்வளவு நேரமா மூச்சு வாங்கிக்கிட்டிருக்கேன். நண்பர்கள் சில பேரும் இதையேதான் சொல்றாங்க. இருக்கிறதே தெரியாத பட்டனைப் பத்தி ஒருத்தன் எப்படிங்க கேப்பான்? டயர் தேஞ்சிருக்கான்னு பார்க்கலாம், ஆயில் கசியுதான்னு குனிஞ்சு பார்க்கலாம். அதைப் பார்க்காம வாங்கினா அது என் தப்பு, ஒத்துக்கறேன். ஆனா அலாரம்கிறது வெளியாள் கண்டுபிடிக்கக் கூடாதுன்னே ஒளிச்சு வைக்கிற சாமான். ஒளிச்சு வச்சதை, ஒளிச்ச கையிலேர்ந்து வாங்குறவன் கைக்கு மாத்தாம வித்தா, நான் அந்த வண்டிக்கு ஓனர் இல்லை. நானும் அதுக்கு வெளியாள்தான். அன்னைக்கு ராத்திரி அது எங்க அப்பாவைத் திருடன்னு நினைச்சது சரியான நினைப்புத்தான்.

சட்டத்தைப் பாருங்க. மோட்டார் வாகனச் சட்டம் 50-வது பிரிவுப்படி, ஒரே மாநிலத்துக்குள்ள வித்தா வித்தவர் 14 நாளைக்குள்ள சொல்லணும், வாங்கினவர் 30 நாளைக்குள்ள சொல்லணும். பழைய வண்டி டீலர்களுக்குன்னு 2022 டிசம்பர்ல மத்திய அரசு தனி விதியே போட்டுச்சு. டீலர் வண்டியை எடுத்துட்டுப் போனா எதுக்குப் போனார், யார் ஓட்டினார், எத்தனை கிலோமீட்டர்னு எலக்ட்ரானிக் பதிவேடு வைக்கணும்னு அதுல இருக்கு. நல்லது. பேப்பர்ல வண்டி யாருதுன்னு இவ்வளவு கவலைப்படுறோம். வண்டிக்குள்ள இருக்கிற பூட்டு யார் கையில இருக்குன்னு கேக்க ஃபாரம் 29-லயும் ஒரு கட்டம் இல்லை, 30-லயும் இல்லை. ரெண்டு ரிமோட், ஒளிச்ச பட்டன் இருக்கிற இடம், கம்பெனி கொடுத்த பேப்பர். இல்லைன்னா "இதெல்லாம் இல்லை"ன்னு எழுதிக் கையெழுத்து. நாலு வரி சமாச்சாரம். அதுவும் முடியாதுன்னா, விக்கிறதுக்கு முன்னாடி அந்தக் கிட்டைக் கழட்டிட்டு வயரை ஒழுங்கா சேர்த்துக் கொடுங்க.

"திருட்டு பயம் இருக்கே, அலாரம் வேணாமா?"ன்னு கேப்பீங்க. கத்துறது வேற, பூட்டுறது வேறன்னு முன்னாடியே சொன்னேன். ஐரோப்பாவுல 1998-லேர்ந்து புதுக் கார் எல்லாத்துலயும் இம்மொபிலைசர் கட்டாயம். சாவிக்குள்ள இருக்கிற சிப்பு சரியில்லைன்னா எஞ்சின் ஓடாது, சத்தமும் வராது. நெதர்லாந்துல அதனால கார் திருட்டு சராசரியா 40 சதவீதம் குறைஞ்சதுன்னு வான் ஊர்ஸ், வோலார்ட்ங்கற ரெண்டு பொருளாதார ஆராய்ச்சியாளர்கள் 2016-ல எழுதினாங்க. நியூயார்க்லயோ, இந்தக் கத்துற அலாரத்தால ஒரு பிரயோஜனமும் இல்லை, தடை பண்ணுங்கன்னு ஒரு அமைப்பு 2003-லயே அறிக்கை விட்டுச்சு. அங்கயும் யாரும் எட்டிப் பார்க்கறதில்லையாம், எங்க தெரு மாதிரியே. இங்க 2000-ம் வருஷத்து ஒலி மாசு விதிப்படி, குடியிருப்புப் பகுதியில ராத்திரி பத்து மணிக்கு மேல 45 டெசிபல்தான் வரம்பு. சைரன் நூறைத் தாண்டும்.

அதுக்காக வெட்டி எறியறதும் பதில் இல்லைங்க. நம்ம ஊர்ல எதுக்கும் "வெட்டி விடு"தான் வைத்தியம். வெட்டின வயரை டேப் சுத்தி உள்ள தள்ளிடுவாங்க, அடுத்த மழைக்கு ஷார்ட் ஆகும், அடுத்த ஓனர் தலையில விடியும். பழைய வண்டிக்குள்ள பாதி இருட்டு இப்படி ஒருத்தர் மேல ஒருத்தரா சுத்தின டேப்புதான்.

எலக்ட்ரீஷியன் அண்ணன் பின் சுவிட்சை மாத்தினார், சென்சாரைத் தணிச்சார், சைரன் வயரை ஒழுங்கா இணைச்சார். பழைய ரிமோட் பதிவை எல்லாம் அழிச்சு புதுசா ரெண்டு ரிமோட் பதிஞ்சு கொடுத்தார். அதுக்கப்புறம் வண்டி ஒரு தடவைகூட காரணமில்லாமக் கத்தல. புரோக்கரை விடாம நச்சரிச்சதுல முந்தின ஓனர் நம்பர் கிடைச்சது. பேசினேன், நல்ல மனுஷன். அவரும் அந்த வண்டியை செகண்ட் ஹேண்டாத்தான் வாங்கினாராம். "எனக்கும் ஒரு ரிமோட்தான் தம்பி கொடுத்தாங்க. அது கத்தினா நான் பக்கத்துல போய் நின்னு அமுக்கிக்கிட்டே இருப்பேன்"னார்.

இப்ப எங்க ஆர்.சி. கவருக்குள்ள ஒரு வெள்ளைத்தாள் இருக்கு. பட்டன் எங்க, எப்ப அமுக்கணும், நாலு கீச்சுக்கு என்ன அர்த்தம், ரிமோட்டுக்கு எந்த பேட்டரி, எல்லாம் அப்பா கையெழுத்துல. அதைப் போட்டோ எடுத்து புரோக்கருக்கும் அனுப்பினேன். இனிமே விக்கிற வண்டிக்கெல்லாம் இப்படி ஒண்ணு வாங்கி வைங்கன்னு.

"சூப்பர் தம்பி"ன்னு பதில் வந்தது. கூடவே, "உங்க ஊர்ல யாருக்காவது வண்டி வேணுமா?"