ஆமைக்கு வழி, சிப்பிக்குத் தண்ணீர்

2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கடற்கரைகளில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கெடுத்தது. வனத்துறையும் மீன்வளத்துறையும் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. அதற்கு ஓராண்டு முன், 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் எண்ணூர் முகத்துவாரத்தில் படிந்தது. மீனவர் பிழைப்பு போனது செய்தியானது. அங்கே பாறையில் ஒட்டி வாழும் பச்சைச் சிப்பியைப் பற்றி அவ்வளவு பேச்சு எழவில்லை.

இரண்டுக்கும் ஓடு உண்டு. ஒற்றுமை அதோடு சரி. ஆமையின் ஓடு முதுகெலும்பும் விலாவும் சேர்ந்த எலும்புக்கூடு. சிப்பியின் ஓடு, தன் உடலிலிருந்து அது சுரந்து கட்டிய சுண்ணாம்பு. ஆமை நெடுந்தூரம் நீந்தி வந்து மணலில் நூறு முட்டை அளவுக்கு இட்டுவிட்டுப் போகும். சிப்பியோ குஞ்சுப் பருவத்தில் சில வாரம் மிதந்து, பிறகு நாரால் பாறையைப் பற்றிக்கொண்டு அங்கேயே வாழ்ந்து முடியும்.

சாவும் அதற்கேற்பவே வருகிறது. ஆமை நுரையீரலால் மூச்சுவிடும் உயிர். இழுவலையில் சிக்கி மேலே வர முடியாமல் போனால் கடலிலேயே மூழ்கிச் சாகும். சிப்பி தண்ணீரைச் செவுளால் வடிகட்டி உண்பது; அதில் வரும் உலோகமும் எண்ணெயும் சதையில் தங்கிவிடும். கடலோர மாசை அளக்க 1970களிலிருந்தே விஞ்ஞானிகள் சிப்பியைச் சோதிப்பது இதனால்தான்.

ஆமைச் சாவின் பழியை ஒருவர் தலையில் கட்டுவது எளிது. கரையை ஒட்டிய கடலில் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது என்பது தமிழகத்தில் 1983 முதல் உள்ள விதி. அதை மீறும் படகுக்காரர் பொறுப்பேற்க வேண்டும். ஆமை தப்பிக்கும் வழி வைத்த வலைக்கு மாறவும் வேண்டும். அந்த வலையால் மீன் வரத்து குறைந்தால், நட்டத்தை அவர் மட்டுமே சுமப்பது நியாயமல்ல. அரசு மானியம் தரட்டும். கரையோர வீடுகளும் விடுதிகளும் முட்டைப் பருவத்தில் கடல் பக்க விளக்கை அணைக்கட்டும். குஞ்சுகள் வெளிச்சத்தை நம்பித்தான் வழி தேடுகின்றன.

சிப்பியின் கணக்கில் மீனவர் பெயரே இல்லை. அனல்மின் நிலையச் சாம்பலுக்கும் ஆலைக் கழிவுக்கும் நிர்வாகங்கள் பதில் சொல்ல வேண்டும். சாக்கடையைச் சுத்திகரிக்காமல் ஆற்றில் விடுவதற்கு மாநகராட்சியோடு நாமும் பொறுப்பு. முகத்துவாரச் சிப்பிகளின் சதையை ஆண்டுதோறும் சோதித்து, முடிவை எண்ணூர் மக்கள் படிக்கும்படி தமிழில் வெளியிடலாம்.

ஆமையைக் காக்கச் சட்டமும் தன்னார்வலர்களும் உண்டு. அந்த அக்கறை கரையோடு நிற்காமல் தண்ணீருக்கும் நீள வேண்டும். படகுக்காரரிடம் விதியைக் கேட்கும் நகரம், தன் கழிவுக்கும் அதே கண்டிப்போடு கணக்கு காட்டட்டும்.