பதினைந்து வயதில் முடிந்துவிடும் ஓட்டம்

தை பிறந்தால் எமது பாடசாலை மைதானங்களில் சுண்ணாம்புக் கோடுகள் விழத் தொடங்கிவிடும். இல்ல மெய்வல்லுநர் போட்டிக்குச் சில வாரங்களே இருக்கும். அதுவரை மைதானப் பக்கமே வராத பிள்ளை 100 மீற்றர், 200 மீற்றர், நீளம் பாய்தல், அஞ்சலோட்டம் என்று எல்லாவற்றுக்கும் இழுக்கப்படுகிறான். வென்றால் அடுத்து வலயம், அதன்பின் மாகாணம். இடையில் முழங்கால் நோகிறது என்றால், "எண்ணெய் பூசிக்கொண்டு நாளைக்கு வா" என்பதே பெரும்பாலும் பதில்.

முழங்காலுக்குக் கீழே புடைத்து நோகும் அந்த நோவு சாட்டன்று. எலும்பு விரைந்து நீளும் வயதில், தொடைத் தசையின் இழுவையை அங்குள்ள முதிராத எலும்பு தாங்கமுடியாமற் போவதன் விளைவு அது. கடும் பயிற்சிக்குத் தசை சில வாரங்களில் ஈடுகொடுக்கத் தொடங்கிவிடும். தசைநாணுக்கும் எலும்புக்கும் மாதங்கள் வேண்டும். ஆகவே, பிள்ளைக்குப் பலம் வந்துவிட்டது என்று பயிற்றுநர் மகிழ்ந்து சுமையைக் கூட்டுகின்ற வேளைதான் மிகவும் அவதானமாக இருக்கவேண்டிய வேளை.

போட்டி விதிகளை வகுத்தவர்கள் இதனை உணர்ந்தே இருக்கிறார்கள். ஆண்கள் எறியும் குண்டின் நிறை 7.26 கிலோகிராம், 20 வயதுக்குட்பட்டோருக்கு 6, 18 வயதுக்குட்பட்டோருக்கு 5. 110 மீற்றர் தடைதாண்டலில் தடையின் உயரமும் 91.4, 99.1, 106.7 சென்ரிமீற்றர் எனப் படிப்படியாகவே ஏறுகின்றது. ஆனால் எத்தனை நாள், எத்தனை தரம், எவ்வளவு தூரம் என்ற பயிற்சிக் கணக்கை எவரும் விதியாக எழுதித் தருவதில்லை. அது பயிற்றுநரின் பொறுமையைப் பொறுத்தது.

யாழ்ப்பாணம் தந்த உயரம் பாய்தல் வீரர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிற்குச் சென்றபோது அவருக்கு வயது 17. அங்கும் பதக்கமில்லை, 1956இல் மெல்பேர்ணிலும் இல்லை. 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் பாய்ந்து இலங்கைக்கு அவ்விழாவின் முதலாவது தங்கத்தைப் பெற்றுத் தந்தார். இடையில் ஆறு ஆண்டுகள்! இன்றென்றால் இரண்டாம் ஆண்டிலேயே "இவன் சரிவரான்" என்று கைவிட்டிருப்போம்.

பாடசாலையை விட்டபின் யார் பயிற்சி தரப்போகிறார்கள், கிடைக்கும் சான்றிதழை இப்போதே வாங்கட்டும் என்று பெற்றோர் சிலர் வாதிடுவர். இதனை இலகுவில் தள்ளிவிட முடியாது. விளையாட்டுத் திறமைக்கென பல்கலைக்கழக அனுமதியில் சிறு ஒதுக்கீடு இருக்கின்ற நாட்டில், வறிய வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் கடதாசி பெரிய விடயம். ஆனால் காயப்பட்ட காலோடு அந்தச் சான்றிதழும் வராது.

ஒன்று செய்யலாம். தைமாதப் போட்டிக்கு முந்திய ஆண்டின் மூன்றாம் தவணையிலேயே மெல்லோட்டமும் உடற்பயிற்சியுமாகத் தொடங்கலாம். 14 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு இரண்டு நிகழ்ச்சிகள் போதும் என்று அதிபர்கள் கட்டுப்படுத்தலாம். இல்லத்துக்குப் புள்ளி சேர்ப்போருக்கு இது பிடிக்காது என்பது எனக்குத் தெரியும்.